இடம் ஒதுக்கித் தந்தவள்

ஒரு தீப்பெட்டியைக் கையில் கொடுத்தால் போதும், அதற்குள் ஒரு யானையை மடித்து வைத்துவிட்டு, "தும்பிக்கைக்கு மேல இன்னும் நாலு கைக்குட்டை வைக்கலாம் போலிருக்கே" என்று சொல்லக்கூடியவள் அலமாரியக்கா. சரி, யானை என் கைச்சரக்கு. தீப்பெட்டியையும் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டேன். ஆனால் அந்தக் கைக்குட்டை மட்டும் சத்தியம். எதிர்வீட்டுக் குடும்பம் ஒரு தடவை பிரயாணம் கிளம்பியபோது, பெட்டியின் மேல் மூன்று பெரியவர்கள் ஏறி உட்கார்ந்தும் அது வாயை மூட மறுத்தது. அலமாரியக்கா வந்தாள், எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள், திரும்ப அடுக்கினாள், ஒற்றை விரலால் மூடினாள். மூடிவிட்டு, "ஏன், குடை கொண்டு போகலையா?" என்று கேட்டாள்.

சொந்தப் பெயர் அவளுக்கும் இருந்தது. மரச்சாமான் பட்டறையில் அலமாரி பொருத்தும் வேலைக்குச் சேர்ந்த வருஷமே அதைத் தெரு மறந்துவிட்டது. அவளுடைய வேலை முறையே தனி. ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போனால் மற்றவர்கள் சுவரை அளப்பார்கள். அவள் டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "உங்க வீட்லயே பெரிய பாத்திரம் எது? அதைக் கொண்டாங்க. சின்னக் கரண்டி எது? அதையும் கொண்டாங்க" என்பாள். பொருளைக் கையால் தொட்டு, தூக்கி, கனம் பார்த்து, அளந்த பிறகுதான் பலகையைத் தொடுவாள். "சுவர் எங்கயும் போகாதுங்க. சாமான்தான் போகும் வரும். அதைத்தான் கேக்கணும்" என்பது அவள் கட்சி.

லாரி ஓட்டிய புருஷன் நெஞ்சு வலியில் போன பிறகு, சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தாள். அந்த அறையைப் பார்த்தவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். சுவர், ஜன்னல், நடுவில் ஒரு மேஜை, அவ்வளவுதான் தெரியும். கட்டில் மேஜைக்குள் இருந்தது. நாற்காலிகள் சுவரில் இருந்தன. துணியெல்லாம் எங்கே இருந்தது என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். ஊர் உலகத்துக்கெல்லாம் பெட்டி கட்டிக் கொடுத்தவள், தனக்கென்று ஒரு பெட்டி கட்டி எங்கேயும் கிளம்பியதில்லை. புருஷன் இருந்தவரை, "அடுத்த லோடுக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அடுத்த லோடு வரவேயில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. பஸ் கண்டக்டர். தெருவில் நடக்கும்போதுகூட, "முன்னால போங்க, முன்னால போங்க, நிறைய இடம் இருக்கு" என்று வாய் தானாக முணுமுணுக்கும். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் அக்கா கை சமையலிலேயே காலத்தை ஓட்டியவன். அவர்களுடைய தாய்மாமன் சாகும்போது ஒரு பழைய பாய்மரப் படகை இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். படகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தம்பியின் பஸ்ஸில் பாதிகூட இராது.

இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு கோடை முழுக்க அந்தப் படகில் கரையோரமாகவே போய், தீவுகளைச் சுற்றி, கலங்கரை விளக்கம் இருக்கும் பாறைவரை பார்த்துவிட்டு வருவது என்று பேச்சு. பேச்செடுத்தவன் தம்பிதான். அலமாரியக்கா அதை மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் எடுத்து வைத்தது எதுவும் தொலைந்ததில்லை. "கரையிலேர்ந்து கடலைப் பார்த்தாச்சுடா. கடல்லேர்ந்து கரை எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்க்கணும்" என்பாள்.

அந்தக் கோடைக்கு முந்தின குளிர்காலத்தில் இருவரும் படகுத்துறைக்குப் போனார்கள். படகின் உள்ளே குனிந்துதான் நிற்க வேண்டும். முனையில், வெட்டிய ரொட்டித் துண்டு மாதிரி முக்கோணமாக ஒரு படுக்கை. அது தம்பிக்கு. அதற்குப் பின்னால் இடது பக்கம் ஒரு பெஞ்சு, வலது பக்கம் ஒரு பெஞ்சு. பகலில் உட்காரலாம், ராத்திரியில் கால் நீட்டலாம். இறங்கும் ஏணிக்குப் பக்கத்தில் ஒற்றை அடுப்பு. மற்றபடி மாமா காலத்துக் கயிறும், டப்பாவும், ஈரச்சாக்கும் தரையில் மிதிபட்டுக் கிடந்தன. பூஞ்சை நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"இதுல நான் இடது பக்கம். சரியா?" என்று அலமாரியக்கா இடது பெஞ்சில் நீட்டிப் படுத்தே பார்த்துவிட்டாள். தலைக்குமேல் வட்டமாக ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் வழியே ஒரு கையகல வானம் தெரிந்தது.

தம்பி ஏணியில் உட்கார்ந்தபடி தலையைச் சொறிந்தான். "அக்கா, அந்த வலது பக்கத்துப் பெஞ்சை ஒதுக்கணும்னு பார்க்கறேன்" என்றான்.

"அடப்பாவி, நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்!" என்று எழுந்து உட்கார்ந்தவள் டேப்பை உருவிவிட்டாள்.

நம் பாஷையில் இந்த 'ஒதுக்கு' என்ற சொல் இருக்கிறதே, அதுவும் அலமாரியக்கா செய்த மேஜை மாதிரிதான். ஒரு பக்கம் திறந்தால் கட்டில், இன்னொரு பக்கம் திறந்தால் பெட்டி. சாமானை ஒதுக்கு என்றால் ஓரமாக அடுக்கி இடம் பண்ணு என்று அர்த்தம். ஒருத்தருக்கு ஒதுக்கு என்றால் அந்த இடத்தை அவருக்கென்று எடுத்து வை என்று அர்த்தம். தம்பி இரண்டாவது கதவைத் தட்டினான். அக்காவுக்கு முதல் கதவு திறந்துகொண்டது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். அக்கா அதற்குள் பெஞ்சின் நீளத்தைச் சொல்லி, "டேய், மனசுல வச்சுக்கோ" என்று அவனுக்கே உத்தரவு போட்டாள். அவனும் வைத்துக்கொண்டான்.

குளிர் மாதங்கள் முழுக்க வேலை நடந்தது. அலமாரியக்கா வலது பெஞ்சைக் கழற்றினாள். அந்த இடத்தில் தரையிலிருந்து ஜன்னல் விளிம்புவரை தட்டுகள் எழும்பின. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை, படகு சாய்ந்தால் டப்பா உருண்டு வராமல் இருக்க. ஒவ்வொரு கதவிலும் மூன்று ஓட்டை, காற்றுப் புகுந்து பூஞ்சை பிடிக்காமல் இருக்க. கைப்பிடி வைக்கவில்லை. ஆடுகிற படகில் கைப்பிடி என்றால் இடுப்பில் குத்தும். விரல் நுழையும் ஒரு துளை, உள்ளே ஒரு சின்னத் தாழ்ப்பாள். மேற்கூரைக்குக் கீழே துணிக்கும் பழத்துக்கும் வலைத்தொட்டில் கட்டினாள். ஏணியின் முதல் படியே கருவிப்பெட்டி ஆயிற்று. இடது பெஞ்சின் முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னால் நாலு விரல் சந்து ஒன்று சும்மா கிடந்தது. அதைக்கூட விடவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை நெட்டுக்குத்தாக நிறுத்தும் இடமாக்கிவிட்டாள். டப்பாக்களில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்துபோகும் என்று, எல்லாவற்றின் தலையிலும் பெயின்டால் பெயர் எழுதினாள்.

இதற்கெல்லாம் பலகையின் ஒரு முனையை அவள் அறுக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பி.

கனம் விஷயத்தில்தான் அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள். கனமானது கீழே, நடுவில். லேசானது மேலே, ஓரத்தில். இடதும் வலதும் தராசு மாதிரி சமமாக இருக்க வேண்டும். "இடது பக்கம் என்ன கனம் இருக்கும்? நான் இருப்பேன். நான்தான் கனம்" என்று தன் இடுப்பைத் தட்டிச் சிரித்தாள். அலமாரியக்கா ஒன்றும் கொடியிடையாள் இல்லை. பட்டறையில் முழு அலமாரிக் கதவை ஒற்றை ஆளாகத் தூக்கிய உடம்பு. ஆகவே வலது பக்கத் தட்டுகளில் தண்ணீர் கேன்களையும் டப்பாக்களையும் நங்கூரச் சங்கிலியையும், தன் கனத்துக்கு ஈடாக வரும்படி அடுக்கினாள். ஒரு நாள் தம்பியைத் துறையில் நிற்க வைத்துவிட்டு, தான் இடது பெஞ்சில் போய் உட்கார்ந்து, "பார்த்துச் சொல்லுடா, நேரா இருக்கா?" என்று கத்தினாள்.

"கோடு போட்ட மாதிரி இருக்கு" என்றான் தம்பி. அதைச் சொல்லும்போது அவன் படகைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தான்.

பிறகு உயிர்காப்புச் சட்டைகள் வந்தன. இரண்டு. கொக்கி எங்கே அடிப்பது என்று பார்க்க அலமாரியக்கா வழக்கம்போல, "கொண்டா, கையில குடு" என்றாள். ஒன்று தம்பியின் அளவு. இன்னொன்றைப் போட்டுப் பார்த்தாள். ஒரு கை நுழைந்தது. மறுகை நுழைய மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"என்னடா இது? சின்னப் பொண்ணு பாவாடை மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டுக் கடல்ல விழுந்தா, சட்டைதான் மிதக்கும்."

"கடைக்காரன் மாத்திக் குடுத்திட்டான் போலிருக்குக்கா. மாத்திடறேன்."

"மறந்துடாதே."

"சரிக்கா."

வாரங்கள் போயின. சட்டை அதே கொக்கியில் அப்படியே தொங்கியது. அலமாரியக்காவுக்குத் தோன்றியதெல்லாம், தம்பிக்கு மறதி ஜாஸ்தியாகிவிட்டது, கடலில் ஏதாவது சத்தானதாகச் சமைத்துப் போட வேண்டும் என்பதுதான். கூடப் பிறந்தவன் காதில் பூச்சுற்றுவான் என்று நினைக்க அவளுக்குப் பழக்கம் இல்லை.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு பிற்பகலில் தம்பி ஒரு தகரப்பெட்டியோடு வந்தான். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. "அக்கா, இதுக்கு ஒரு இடம் வேணும். ஆடக்கூடாது. இடது பக்கத்துல, தலைமாட்டுல."

"என் தலைமாட்டுலயா? என்ன இருக்கு இதுல?" என்று கேட்டுக்கொண்டே திறந்துவிட்டாள். கனம் பார்க்காமல் அவள் எதற்கும் இடம் கொடுப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கொண்டு வந்தான். வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாத ஆள், பெட்டியை விட்டுச் சொல்ல வைத்தான்.

உள்ளே ஊசி மாதிரி ஸ்க்ரூடிரைவர்கள், குட்டி இடுக்கி, பல்சக்கரங்கள் போட்டு வைத்த கண்ணாடிக் குப்பி, அப்புறம் ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்கும் கறுப்புப் பூதக்கண்ணாடி. அந்தக் கண்ணாடியைத் தெருவில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் கண்ணில்தான் அது நாள் முழுக்க இருக்கும். தம்பியோடு தினமும் கேரம் ஆடுகிறவர். ஒல்லியோ ஒல்லி. காற்றடித்தால் கடையின் கதவைப் பிடித்துக்கொள்வார்.

அலமாரியக்கா கொக்கியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். தகரப்பெட்டியைப் பார்த்தாள். இடது பெஞ்சைப் பார்த்தாள். பெட்டியை மூடினாள்.

"கடிகாரக்காரர் வர்றாரா?"

"ஆமாக்கா."

"எங்க படுப்பார்?"

தம்பி கையைப் பிசைந்தான். "நான் அன்னிக்கே சொன்னேனேக்கா. வலது பக்கத்துப் பெஞ்சை ஒதுக்கணும்னு."

"ஒதுக்கணும்னு சொன்னே. யாருக்குன்னு சொன்னியா?"

"நீ எங்க சொல்ல விட்டே? டேப்பை உருவிட்டே."

"அன்னிக்கு உருவினேன். ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் குளிர் பூரா அறுத்தேனே? ஒரு பெஞ்சு அலமாரி ஆயிட்டு வர்றது உன் கண்ணுக்குத் தெரியல? பலகையோட அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாருடா?"

பலகைத் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்பதுபோல் தம்பி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ மூணு பேருக்கு இருந்த இடம் ரெண்டு பேருக்கு ஆயிடுச்சு. அந்த ரெண்டு பேர்ல நான் இல்ல. அதானே?"

"அவர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்கா."

"என்கிட்ட குடுத்தது என்ன, பஸ் டிக்கெட்டா? இறங்கினதும் கிழிச்சுப் போட?"

தம்பிக்குச் சுருக்கென்றது. குரல் கொஞ்சம் உயர்ந்தது. "தப்பா எடுத்துக்காதே. உன்கூட வந்தா காலைல எழுந்ததும் டம்ளரை அதோட இடத்துல வச்சேனான்னு பார்ப்பே. செருப்பு நேரா இருக்கான்னு பார்ப்பே. வீட்ல பரவாயில்ல, எழுந்து வெளிய போயிடுவேன். கடல்ல எங்கக்கா போறது? என்னையும் ஒரு கொக்கி அடிச்சு மாட்டிடுவியோன்னு பயமா இருக்கு. அவரு அப்படி இல்ல. ஒரு நாள் பூரா ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம இருப்போம்."

அலமாரியக்கா இதைக் கேட்டு அழவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. தன் வீட்டுக்குள் தனக்குத் தெரியாமல் ஓர் அறை இருந்ததைக் கண்டுபிடித்தவள் மாதிரி நின்றாள். இத்தனை வருஷம் அந்த அறையில்தான் தம்பி உட்கார்ந்திருந்தான், கதவைச் சாத்திக்கொண்டு.

பிறகு சொன்னாள்: "வேலையில இருந்த காலம் பூரா, முன்னால போங்க, இடம் இருக்குன்னு ஊர்ல உள்ளவனையெல்லாம் ஏத்தினே. மூட்டையோட வந்தவன், கோழியோட வந்தவன், காசே இல்லாம வந்தவன். ஒருத்தனைக்கூட இறக்கி விட்டதில்லைன்னு பெருமை பேசுவே. கூடப் பொறந்தவளைப் பார்த்துத்தான் உனக்கு விசில் ஊத வந்துச்சா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது. "பழைய பெஞ்சுப் பலகையெல்லாம் வச்சிருக்கியாக்கா?" என்று கேட்டான்.

வைத்திருந்தாள். அவள் எதை எறிந்தாள்? கழற்றிய பலகைகள், திருகுகள், கால்கள் எல்லாம் சாக்கட்டியால் குறி போட்டு, சலவைக் கடைக்கு மேலே அந்த மேஜைக்குள் இருந்தன. அலமாரியை இறக்கிவிட்டுப் பெஞ்சைத் திரும்பப் பொருத்துவது அவளுக்கு ஒரு காலை நேர வேலை.

"அப்போ மாத்திடேன். மூணு பேருமே போகலாம். கொஞ்சம் நெருக்கமா இருக்கும், பரவாயில்ல" என்றான்.

நிரம்பி வழிகிற பஸ்ஸில் கடைசியாக ஓடி வருகிறவரிடம், "படியில நின்னுக்கோங்க" என்று ஒரு கண்டக்டர் சொல்வானே, அந்தக் குரல் அது. அலமாரியக்காவுக்குக் குரலின் கனம் பார்க்கவும் தெரியும். தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"வேண்டாம். அடுக்கினது அடுக்கினபடி இருக்கட்டும்" என்றாள். "ஒதுக்குன்னு சொன்னே. நான் சாமானை ஒதுக்கினேன். நீ அவருக்கு ஒதுக்கினே. கடைசில ஒதுக்கி வச்சது என்னை. ஒரே வார்த்தைதான் பாரு, எவ்வளவு சாமான் பிடிக்குது."

ஆனாலும் தகரப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீளம், அகலம், உயரம் அளந்தாள். மறுநாள் இடது பெஞ்சின் தலைமாட்டில், அந்த வட்ட ஜன்னலுக்குக் கீழே, பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய ஒரு சின்ன அறை தயாராகியிருந்தது. பெட்டி உள்ளே போனால் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும், அவ்வளவு கச்சிதம். கேட்ட வேலையைச் செய்யாமல் விட்டாள் என்ற பேச்சு அவளுக்கு ஆகாது.

கிளம்புகிற காலையில் துறையில் கூட்டம். கடிகாரக்காரர் அந்த உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். அவரை நிற்க வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவர் பாவம், உள்விவகாரம் எதுவும் தெரியாது. "வாங்கக்கா! என்ன கை உங்களுக்கு, தங்கக் கை! எதைத் தேடினாலும் கையை நீட்டினா வருதே! நீங்களும் வந்திருக்கலாம். தண்ணின்னா உங்களுக்குப் பயமாமே, தம்பி சொன்னாரு" என்றார்.

அலமாரியக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாகிவிட்டான். எல்லா முடிச்சும் அவிழ்ந்த பிறகும் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா. ரொம்பப் பயம்" என்றாள் அலமாரியக்கா.

படகு துறையை விட்டு விலகியது. அப்போதுதான் கூட்டத்தில் ஒருவர், "என்னய்யா இது, ஒருக்களிச்சுப் படுத்த மாதிரி போகுது?" என்று கத்தினார். உண்மைதான். அலமாரியக்காவின் கனத்துக்கு ஈடாக அடுக்கிய சாமானெல்லாம் வலது பக்கம் உட்கார்ந்திருக்க, இடது பக்கம் அந்தக் கடிகார மனுஷன் ஓர் இறகு மாதிரி உட்கார்ந்திருந்தார். படகு வலது தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காது வலி வந்தவர் மாதிரி தலை சாய்ந்து போனது. பாயை ஏற்றினால் இன்னும் சாய்ந்தது. துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் ஜன்னல் விளிம்பில் தண்ணீர். இடது பக்கம் சாய்ந்து உட்காரச் சொல்லித் தம்பி கத்த, கடிகாரக்காரர் தொங்கியே பார்த்தார், படகு அவரைச் சட்டையே செய்யவில்லை. மத்தியானத்துக்குள் இருவரும் நனைந்த பூனைகளாகத் திரும்பி வந்து துறையில் நின்றார்கள். தம்பி, சுற்றி நின்ற அத்தனை பேர் முன்னாலும், "அக்கா, ஏறிக்கோ. இடம் இருக்கு" என்று அழைத்தான்.

இதுவரை எழுதியதை நான் படித்துக் காட்டியபோது, என் சமையலறையில் அலமாரிக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அலமாரியக்கா, தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"கடைசிப் பத்தி பொய். படகு சாயவே இல்ல. கிளம்புறதுக்கு முதல் நாளே நான் போய் இன்னும் ரெண்டு தண்ணி கேனை நிரப்பி இடது பெஞ்சுக்கு அடியில வச்சுட்டு வந்தேன். அந்த மெலிஞ்ச மனுஷனும் ரெண்டு கேனும் சேர்ந்தா என் கனம் வந்துடும். கோடை முழுக்கச் சுத்திட்டுத்தான் வந்தாங்க. ஒரு டம்ளர்கூட உருளலையாம். அவனே சொன்னான்."